தேய்ந்த கட்டையும் தொங்கிய கனியும்

ஓடுகின்ற வண்டியைக் கண்டு கைதட்டுவோர் பலர். நிற்கவேண்டிய இடத்திலே நிற்கின்ற வண்டியைக் கண்டு கைதட்டுவோர் எவர்? வேகத்துக்கு விழா எடுக்கும் உலகம், வேகத்தை அடக்கும் விரல் நீள ரப்பர்த் துண்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மிதிவண்டி வாங்கச் செல்வோர் நிறத்தைப் பார்க்கின்றனர். மணியை அடித்துப் பார்க்கின்றனர். இருக்கையைத் தட்டிப் பார்க்கின்றனர். குனிந்து பிரேக் கட்டையைப் பார்ப்போர் அரிதினும் அரிது!

அந்தக் கட்டையைப் பற்றித்தான் எழுத முற்பட்டிருக்கிறோம். "நாட்டிலே பேச எத்தனையோ இருக்க, இதுவும் ஒரு பொருளா?" என்று தோழர்கள் சிலர் புன்னகை பூக்கக்கூடும். பூக்கட்டும்! ஆனால், ஒரு சிற்றூரிலே, ஒரு பெண்ணின் படிப்பு முழுவதும் அந்த ரப்பர்த் துண்டின் தடிப்பிலே தொங்கிக் கொண்டிருந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். கண்டதைச் சொல்லாமலிருத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

நாம் பணியாற்றும் பள்ளி புதுக்கோட்டை மாவட்டத்திலே, கண்மாய்களும் கருவேலங்காடுகளும் சூழ்ந்த பகுதியிலே இருக்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் வருகின்றனர். பேருந்து உண்டு, காலையிலே ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை! அதை நம்பினால் பள்ளி தொடங்குமுன் வந்து காத்திருக்கவேண்டும். பள்ளி முடிந்தபின் நெடுநேரம் நின்று தவிக்கவேண்டும். ஆகவே, ஐந்து கிலோமீட்டர் தொலைவிலே உள்ள ஒரு பெண்ணுக்கு மிதிவண்டி வெறும் ஊர்தியன்று; அதுவே வகுப்பறையின் வாயிற்கதவு. இந்த உண்மையை உணர்ந்துதான் தமிழக அரசு 2001-2002ஆம் கல்வியாண்டிலே ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கென மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பின்னர் மற்ற மாணவ மாணவியர்க்கும் அதை விரித்தது. வண்டி வந்தது, வாயில் திறந்தது. ஆனால் வண்டியைக் கொடுத்த கை, வண்டியைக் காக்கும் அறிவையும் கூடவே கொடுத்ததா? அதைக் கொடுக்கவேண்டியவர் யார்? நாம்தான், தோழர்களே, நாம்தான்!

நம் மாணவி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. அவள் ஓட்டி வருவது அவளுடைய அக்காளுக்குப் பள்ளியிலே கிடைத்த வண்டி. அக்காள் இப்போது நகரத்துக் கல்லூரிக்குச் செல்கிறாள். வண்டி தங்கைக்கு வந்து சேர்ந்தது. ஐந்து ஆண்டு உழைத்த வண்டி. ஆயுதபூசை கழிந்து பத்து நாளிருக்கும். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப்பொழுது. கண்மாய்க்கரை இறக்கத்திலே அவள் வருகிறாள். எதிரே ஆட்டுமந்தை. பிரேக்கை அழுத்துகிறாள், வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்துகிறாள், இரும்பு கிறீச்சிடுகிறது, வண்டி நிற்கவில்லை. ஆடுகளின்மேல் ஏறாமல் ஒடித்துத் திருப்பியவள், கருவேலம்புதரிலே போய் விழுந்தாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு, இடது மணிக்கட்டிலே வீக்கம். உயிர் தப்பியது பேறு.

செய்தி ஊருக்குள் வந்ததும் ஆராய்ச்சி தொடங்கிற்று. என்ன ஆராய்ச்சி? கட்டை தேய்ந்ததா, வளையம் நனைந்ததா என்ற ஆராய்ச்சியா? அன்று, அன்று! கண்ணேறு பட்டுவிட்டது என்றார் ஒருவர். நேரம் சரியில்லை என்றார் மற்றொருவர். கரைமேல் நிற்கும் புளியமரத்திலே ஏதோ இருக்கிறது என்றார் வேறொருவர். 'வயது வந்த பெண்ணுக்கு வண்டி எதற்கு?' என்று கேட்டு முடித்தார் நான்காமவர். முதல் மூவரும் மூன்று பாதையிலே புறப்பட்டாலும், இரவு தங்கச் சென்றது நான்காமவர் கட்டிய மடத்திலேதான்! இனி அந்தப் பெண் வண்டியைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. வண்டி இல்லையேல் பள்ளி இல்லை. பள்ளி இல்லையேல்... மீதியை நாம் விளக்கவேண்டுமா? அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவேண்டியவள், வாசலிலே அமர்ந்து நெல்லைக் கொத்தும் கோழியை விரட்டிக் கொண்டிருப்பாள். பிறகு மாப்பிள்ளை பார்க்கப் புறப்படுவர்.

நான்கு நாளாகியும் அவள் வகுப்புக்கு வராததால், ஐந்தாம் நாள் மாலை நாம் அவள் வீட்டுக்குச் சென்றோம். தந்தை கொத்தனார், அன்றைய வேலை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தார். மரியாதையோடு வரவேற்றார், கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டார், ஆனால் பேச்சிலே உறுதி இருந்தது.

"பொம்பளைப் பிள்ளை சார். கையிலே காலிலே ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது? கருப்பருக்கு ஒரு கழிப்புக் கழிக்கணும். அதுவரைக்கும் வண்டி வேணாம். அப்புறமும் வேணாம்னுதான் படுது."

அவரைக் குறை கூறுவதற்கில்லை. மகள்மேல் கொண்ட அன்புதான் அச்சமாக மாறியிருந்தது. அச்சத்தோடு வாதிட்டுப் பயனில்லை. அதன் கையிலே ஓர் உண்மையைக் கொடுக்கவேண்டும். "வண்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா அண்ணே?" என்று கேட்டோம்.

வண்டி சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. முதலிலே கண்ணைக் கவர்ந்தது எது தெரியுமா? கைப்பிடியிலே தொங்கிய எலுமிச்சங்கனி! மேலும் கீழும் மிளகாய் கோத்து, கறுப்புக் கயிற்றிலே கட்டியிருந்தனர். ஆயுதபூசை அன்று கட்டியதாம். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவள் விழுந்தபோதும் அந்தக் கனி அங்கேதான் தொங்கிக் கொண்டிருந்தது. காக்க வந்த கனி காக்கவில்லை. கட்டை கடமை தவறினால் கட்டையை மாற்றுகிறோம். கனி கடமை தவறினால்? இன்னொரு கனியைக் கட்டவேண்டும் என்றனர் ஊரார்! கனிமேல் குற்றமில்லை, மிளகாய்மேல் குற்றமில்லை, குற்றமெல்லாம் பெண்மேல்! தோற்றாலும் தோல்வியை ஒப்புக்கொள்ளத் தேவையில்லாத பெருமை மூடநம்பிக்கைக்கு மட்டுமே உண்டு.

குனிந்து பிரேக்கைப் பார்த்தோம். பழைய பாணி வண்டி. இரும்புக் கம்பிகளால் இழுக்கும் பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் இழுபட்டு, லாடம் போன்ற வளைவு சக்கரத்தை நோக்கி நகரும். அதன் இரு நுனியிலும் உள்ள கட்டைகள், ரிம் என்று நாம் சொல்லும் சக்கர வளையத்தின் உட்புறத்தைப் போய்க் கவ்வும். முன்சக்கரத்துக்கு இரண்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு, ஆக நான்கு கட்டை. அந்த நான்கின் நிலைமை என்ன? முன்கட்டை ஒன்றிலே ரப்பரே இல்லை; அதைத் தாங்கும் இரும்புக்கூடு வளையத்தை உராய்ந்து கோடு கிழித்திருந்தது. இன்னொன்றிலே நகக்கண் அளவு ரப்பர். பின்கட்டைகள் இரண்டும் இறுகி, வழவழத்து, கண்ணாடிபோல் மின்னின. நகத்தால் அழுத்தினால் நல்ல ரப்பர் சற்றே உள்வாங்கும்; இவை கல்லாகிக் கிடந்தன.

இன்னொன்றும் கண்டோம். வளையத்தைத் தொட்டால் விரலிலே பிசுபிசுப்பு. "இது என்ன?" என்றோம். பூசைக்காக வண்டியைக் கழுவி, பளபளக்கவேண்டுமென்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார்களாம்! உராய்வினாலே வேலை செய்யும் கருவிக்கு, உராய்வைக் கொல்லும் எண்ணெயால் அலங்காரம்! கைப்பிடியிலே இட்ட குங்குமத்தால் கேடு ஒன்றுமில்லை, பயனும் ஒன்றுமில்லை. ஆனால் வளையத்திலே தடவிய எண்ணெய் அப்படியன்று. அது கட்டையின் கையைக் கட்டிப்போடும் எதிரி. அதன்மேல் மழையும் சேர்ந்தது. நனைந்த எஃகு வளையத்திலே புதிய ரப்பர்கூட வழக்கம்போல் பிடிக்காது; தேய்ந்த ரப்பர் எப்படிப் பிடிக்கும்?

முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுப் பிரேக்கை முழு வலிமையோடு அழுத்தினோம். சக்கரம் சுழன்றது. மேலும் சுழன்றது. தந்தை பார்த்துக்கொண்டே நின்றார். கனி அசைந்தாடிக் கொண்டிருந்தது!

அப்போது ஒரு கேள்வி கேட்டோம். "அண்ணே, நீங்கள் எழுப்பும் சுவர் கோணலாகப் போகிறதா, நேராகப் போகிறதா என்று எதைக் கொண்டு பார்க்கிறீர்கள்?"

"தூக்குக்குண்டு. தளத்துக்கு ரசமட்டம்."

"குண்டு கோணல் என்று காட்டினால் கழிப்புக் கழிப்பீர்களா, கல்லை எடுத்து மறுபடி வைப்பீர்களா?"

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பிலே பாதி வெட்கம், பாதி விளக்கம். தொழிலறிவு இல்லாதவரா அவர்? பகுத்தறிவு இல்லாதவரா? இல்லை! நாள்தோறும் கரணையும் குண்டும் பிடித்துப் பகுத்தறிவையே பயன்படுத்துகிறார். அந்த அறிவை வேலையிடத்திலே விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்படி யாரோ பழக்கிவிட்டனர், அவ்வளவே.

ஏன் நிற்கவில்லை என்பதைப் பெண்ணையும் அருகே அமர்த்திக்கொண்டு விளக்கினோம். ஓடுகின்ற எதற்கும் ஓட்டத்தின் ஆற்றல் என்று ஒன்று உண்டு. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம், அதாவது நொடிக்கு 5 மீட்டர். அந்த ஓட்டத்திலே அடங்கிய ஆற்றல் 1000 ஜூல். இறக்கத்திலே வேகம் இருமடங்காகி 36 ஆனால் ஆற்றலும் இருமடங்கா? இல்லை, நான்கு மடங்கு, 4000 ஜூல்! அதே பிடி பிடித்தால் நிற்பதற்கு வேண்டிய தூரமும் நான்கு மடங்கு. அந்த ஆற்றல் மாயமாய் மறைவதில்லை. உராய்விலே வெப்பமாக மாறுகிறது. நீண்ட இறக்கம் இறங்கியபின் கட்டையைத் தொட்டால் சூடு தெரியும். ஓட்டத்தை வெப்பமாக்கும் அந்த வேலையிலே ரப்பர் சிறிது சிறிதாகத் தேய்கிறது. தேய்வது கட்டையின் குற்றமன்று. தேய்வதற்கென்றே அது செய்யப்பட்டது. விலை மிகுந்த வளையம் தேயாதிருக்க, விலை குறைந்த ரப்பர் தேய்கிறது.

இந்த ஏற்பாடு ஒரு நாளிலே வந்ததன்று. தொடக்க கால மிதிவண்டிகள் பலவற்றிலே கரண்டி போன்ற ஓர் இரும்பை டயரின்மேலேயே அழுத்தி நிறுத்தினர். கெட்டி ரப்பர் டயர் இருந்தவரை அது ஓரளவு நடந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். காற்றடைத்த மென்மையான டயரை இரும்புக் கரண்டி அரித்துத் தின்றுவிடும் என்று கண்டதும், பிடிக்கும் இடத்தையே மாற்றினர். டயரை விட்டு வளையத்துக்கு வந்தனர். 'எங்கள் தாத்தா காலத்துக் கரண்டி, ஆகவே அதுவே இருக்கட்டும்' என்று அவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. பழுது கண்டனர், காரணம் கண்டனர், மாற்றினர். மிதிவண்டியின் வரலாறு முழுவதும் அந்த மூன்று சொற்களிலே அடங்கும்.

மறுநாள் விடுமுறை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டுரோட்டிலுள்ள சைக்கிள் கடைக்குச் சென்றோம்: நாம், தந்தை, மகள், அவர்களோடு அப்பத்தாவும். அப்பத்தாவை யாரும் அழைக்கவில்லை, தாமாகவே வந்தார். கடைக்காரர் முதியவர், கைபட்டுப் பழகிய வேலை. "வைச்சிட்டுப் போங்க சார், அரை மணியிலே முடிச்சுத் தர்றேன்" என்றார். "வேண்டாம் பெரியவரே, கட்டையும் ஸ்பேனரும் தாருங்கள், இந்தப் பெண் மாற்றட்டும், நீங்கள் அருகிருந்து சொல்லுங்கள்" என்றோம். அவர் வியந்தார், ஆனால் ஸ்பேனரை எடுத்து அவள் கையிலே வைத்தார். ஒரு தேநீர் குடிக்கும் காசுதான் ஒரு கட்டைக்கு!

அந்த வேலையை விரிவாகவே சொல்கிறோம். படிப்பவர் கையிலும் நாளை ஒரு ஸ்பேனர் வரவேண்டும் என்பதே நமது ஆசை.

முதலிலே சக்கரத்தைச் சுழற்றி, அது நேராக ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னார் பெரியவர். புதரிலே விழுந்த வண்டி; சற்றே ஆட்டம் இருந்தது. கம்பிகளை இங்கே இறுக்கி, அங்கே தளர்த்தி, அவரே கோட்டம் எடுத்துக் கொடுத்தார். கோட்டம் உள்ள சக்கரத்திலே கட்டை ஓரிடத்திலே உராயும், ஓரிடத்திலே தொடாது; எவ்வளவு புதிய கட்டை போட்டாலும் வீண். பிறகு வளையத்தைச் சோப்புநீரால் கழுவி, எண்ணெய்ப் பசை அறவே போகும்வரை உலர்ந்த துணியால் துடைத்தோம்.

பெண் வலக்கையால் ஸ்பேனர் பிடித்தாள். இடக்கை இன்னும் வலித்தது. ஆகவே சக்கரத்தை அப்பத்தா பிடித்துக்கொண்டார். திருகைத் தளர்த்திக் கூட்டோடு கட்டையைக் கழற்றினாள். இங்கேதான் மிக இன்றியமையாத ஒன்று. அந்த இரும்புக்கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். திறந்த முனை வழியாகத்தான் ரப்பரை நுழைக்கிறோம். கூட்டைத் திரும்பப் பூட்டும்போது மூடிய முனை சக்கரம் சுழல்கின்ற திசையிலே இருக்கவேண்டும். ஏன்? பிரேக் பிடிக்கும்போது சுழலும் வளையம் ரப்பரைத் தன்னோடு இழுக்கும். மூடிய முனை அந்தப் பக்கம் இருந்தால் ரப்பர் சுவரிலே சாய்ந்ததுபோல் நிற்கும். திறந்த முனை அந்தப் பக்கம் இருந்தால் ரப்பர் வழுக்கி வெளியே பாய்ந்துவிடும். கட்டை புதிது, பிரேக் பூச்சியம்! தலைகீழாகப் பூட்டிய ஒரு கூடு, தேய்ந்த கட்டையைவிடக் கொடியது. தேய்ந்தது எச்சரித்துக் கெடும், இது எச்சரிக்காமல் கெடும்.

பிறகு கட்டை முழு முகத்தோடு வளையத்திலே படிகிறதா என்று பார்த்தாள். டயரைத் தொட்டால் டயர் அறுபடும்; விளிம்பு தாண்டினால் பிடி குறையும். வளையத்துக்கும் கட்டைக்கும் இடையே ஒரு நெல்மணியின் தடிப்பு இடைவெளி விடச் சொன்னார் பெரியவர். அதைவிடக் குறைந்தால் உராய்ந்துகொண்டே ஓடும். மிகுந்தால் கைப்பிடி முழுதும் இழுபட்ட பின்னரே பிடிக்கும். கட்டை தேயத் தேய இடைவெளி பெருகும். அப்போது கம்பியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, கம்பியைச் சற்றே இழுத்து இறுக்கவேண்டும். திருகு அனைத்தையும் இறுதியாக ஒரு முறை இறுக்கவேண்டும். முதல் கட்டைக்கு அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான்காம் கட்டையைப் பெரியவர் வாய் திறக்குமுன் மாட்டிவிட்டாள்!

அவள் வேலை செய்யும்போதுதான் அப்பத்தா பேசத் தொடங்கினார். தோழர்கள் சிலர் அறிந்திருக்கக்கூடும்: 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் இணைத்தார். எழுதப் படிக்கக் கற்ற உழவர் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், பூ விற்கும் பெண்கள் ஆயிரமாயிரமாய் வண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்களுக்கான வண்டியையே ஓட்டினர். குறுக்குக் கம்பியிலே குழந்தையை வைத்துக்கொள்ளலாம், அதுவே வசதி என்றனர்! இதழாளர் சாய்நாத் அவர்கள் நேரிலே கண்டு எழுதி உலகுக்கு அறிவித்த எழுச்சி அது. அந்த எழுச்சியிலே வண்டி ஏறியவர்களுள் நம் அப்பத்தாவும் ஒருவர் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. பேத்திக்கே அன்றுதான் தெரிந்தது!

"வாடகை சைக்கிள்தான் தம்பி. அதுலே பிரேக்கு ஏது? காலைத் தரையிலே தேய்ச்சுத்தான் நிறுத்துவோம். விழாத பொம்பளை கிடையாது. விழுந்தவளையெல்லாம் வீட்டுலே வைச்சுப் பூட்டியிருந்தா, அன்னைக்கு ஒருத்தியும் ஓட்டியிருக்க மாட்டா."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். கடைக்காரர் காறித் துப்பப் போவதுபோல் எழுந்து அப்பால் சென்றார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறோம்.

வேலை முடிந்தது. சோதிக்கவேண்டும் அன்றோ? சோதனையிலே தேறாத எதையும் நம்பலாகாது. நாம் மாட்டிய கட்டையும் அதற்கு விலக்கன்று. பெண்ணிடம் சொன்னோம்: "அந்தக் கனியை அவிழ்த்து அப்பத்தாவிடம் கொடு. முன்பு கனி இருந்தது, கட்டை இல்லை; பார்த்தோம். இப்போது கட்டை இருக்கிறது, கனி இல்லை, பார்ப்போம்." சக்கரத்தைச் சுழற்றி அழுத்தினாள். நின்றது! மறுபடி சுழற்றினாள். நின்றது! முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னோக்கித் தள்ளினாள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதே தவிர முன்சக்கரம் நகரவில்லை. பிறகு சமதரையிலே மெல்ல ஓட்டி நிறுத்தச் சொன்னார் பெரியவர். புதிய கட்டை வளையத்தோடு பழக இரண்டொரு நாளாகும், அதுவரை நிதானம் வேண்டும் என்றார். முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிக்கவேண்டும், பின்னதைச் சற்றே முந்தி. வேகத்திலே முன்னதை மட்டும் வெடுக்கெனப் பிடித்தால் ஆளைத் தூக்கி எறியும் என்றும் சொன்னார்.

வீடு திரும்பும் வழியிலே கண்மாய்க்கரை வந்தது. தந்தை ஒன்றும் பேசாமல் வண்டியை வாங்கினார், தாமே ஏறினார், இறக்கத்திலே விட்டார். பாதி வழியிலே பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது, புளியமரத்துக்கு நேர் கீழே! இறங்கி, கட்டையைக் குனிந்து பார்த்தார். கொத்தனார் சுவரைப் பார்க்கும் பார்வை அது. திங்கட்கிழமை காலை முதல் மணி அடிக்குமுன் அந்தப் பெண் வகுப்பிலே இருந்தாள். எலுமிச்சங்கனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாடிப்போனதுதான், என்றாலும் அப்பத்தா அதை எறியவில்லை. பித்தளைச் செம்பு தேய்க்க வைத்துக்கொண்டார். கனிக்கு உகந்த வேலை கடைசியிலே கிடைத்தது!

இந்த நிகழ்ச்சியிலே நம் உள்ளத்தைத் தைத்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் கையிலே கறுப்புப் படிந்ததைக் கண்டு, "ஐயோ, வாத்தியார் கையெல்லாம் கறையாகுதே" என்று தந்தை பதறினார். பட்டம் பெற்றவன் கறைபடலாகாது. கறைபடுபவன் பட்டம் பெறலாகாது. இந்த எழுதாத சட்டத்தை எழுதியவர் யாவர் என்பது தோழர்களுக்குத் தெரியும். உழைப்பவனுக்கு அறிவு வேண்டாம் என்று ஒதுக்கியதும், அறிந்தவனுக்கு உழைப்பு வேண்டாம் என்று உயர்த்தியதும் ஒரே கொள்கையின் இரு முகம். அதன் விளைவு என்ன? நம் கல்லூரியிலே காப்பியம் கற்பித்தனர், வரலாறு கற்பித்தனர், மேலைநாட்டு நாடகமும் கற்பித்தனர். ஒரு திருகை எந்தப் பக்கம் திருப்பினால் தளரும் என்று கற்பிக்க அங்கே ஒருவரும் இல்லை. அந்தக் கூட்டின் மூடிய முனையைப் பற்றிக் கடைக்காரப் பெரியவர் சொன்னாரே, அது அறிவியல் பாடம் அன்றோ? எந்த மேடையிலே அவருக்கு மாலை போட்டோம்? கைக்கறை சோப்புக்குப் போய்விடும். கைவேலையை இழிவென்று எண்ணும் கறை போவதற்குத்தான் தலைமுறைகள் ஆகின்றன.

இப்போது எங்கள் பள்ளியிலே வெள்ளிக்கிழமை மாலை கடைசி மணி, வண்டி பார்க்கும் மணி. மாணவரும் மாணவியரும் ஒருவர் வண்டியை மற்றொருவர் பார்க்கின்றனர். கேள்வி நான்குதான். கட்டையிலே ரப்பர் எவ்வளவு இருக்கிறது? கூட்டின் மூடிய முனை சரியான பக்கம் இருக்கிறதா? வளையத்திலே எண்ணெய் இருக்கிறதா? அழுத்திப் பிடித்துத் தள்ளினால் சக்கரம் நிற்கிறதா? நான்கிலே ஒன்று தவறினாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குச் செல்லவேண்டும். முதல் வெள்ளியன்று தள்ளிக்கொண்டு சென்றோர் பலர், இப்போது சிலர். சோதித்துப் பார்க்கும் குழுவின் தலைவி யார் என்று சொல்லவும் வேண்டுமோ? மணிக்கட்டு வீக்கம் வடிந்த அந்தப் பெண்தான்!

இளந்தோழர்களே! படிப்பகம் வைத்திருக்கிறீர்கள், மன்றம் வைத்திருக்கிறீர்கள், வாரந்தோறும் கூடிப் பேசுகிறீர்கள். பேச்சு வேண்டும், வேண்டாமென்று யார் சொல்வர்? ஆனால் மன்றத்து மூலையிலே ஒரு பெட்டியும் வையுங்கள். அதிலே இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, நான்கைந்து பிரேக் கட்டை. ஊர்ப் பெண்பிள்ளைகளை அழைத்து அவர்கள் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணேறு இல்லை என்று நூறு மேடையிலே முழங்கலாம். கேட்பவர் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கனி கட்டுவர். சுழல்கின்ற சக்கரத்தை அவர் கண்முன்னே ஒரு முறை நிறுத்திக் காட்டுங்கள். அதன்பின் அவரே கேள்வி கேட்கத் தொடங்குவார்.

இன்றே தொடங்குங்கள், தங்கையின் வண்டியிலிருந்து தொடங்குங்கள். கைப்பிடியிலே என்ன தொங்குகிறது என்று பார்ப்பதை விடுங்கள். குனிந்து, கட்டையிலே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்!